ஆண்ட பரம்பரைக்கு ஒரு சீனக் கதை

மட்டக்களப்பை ஆண்டது யார் என்ற சண்டை பேஸ்புக்கில் ஓய்ந்தபாடில்லை. ஒருவர் ஏதோ படத்தில் வந்த வாளையும் கிரீடத்தையும் வெட்டி ஒட்டி 'ஆண்ட பரம்பரை' என்று போடுவார். கீழே இன்னொருவர் வந்து, 'நீங்க எங்க ஆண்ட நீங்க, எங்கட ஆக்களுக்கு ஊழியம் செய்த நீங்க' என்பார். மூன்றாமவர், 'ரெண்டு பேரும் பிறகு வந்த ஆக்கள், இது எங்கட மண்' என்பார். நாலாவது ஆள் கடைசியாக வந்து பெருமூச்சு விடுவார்: 'அண்டைக்கு அந்தத் துரோகி பறங்கிக்கு வழி காட்டாட்டி நாம இண்டைக்கும் ஆண்டுகொண்டிருப்பம்.'

நாலு பேரும் அடிபட்டாலும் நாலு பேருடைய நம்பிக்கையும் ஒன்றுதான். அரசு என்பது ஒரு பொருள். அது ஒருவர் கையில் இருந்தது. ஒருநாள் யாரோ பறித்தார்கள், இல்லாவிட்டால் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கைக்கு எதிரானது. அரசுகள் பெரும்பாலும் அப்படி விழுவதில்லை. நம் வாவிக்கரை அரசும் அப்படி விழவில்லை. அப்படித்தான் விழுந்தது என்று நம்பிக்கொண்டிருப்பதால், இன்றைக்கு நம் கையிலிருந்து என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பது கண்ணில் படாமல் போகிறது.

முதலில் வாவியை விட்டுக் கொஞ்சம் தூரம் போவோம். சீனாவுக்கு. அங்கே நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, எந்தக் குடிக்கும் கோபம் வராது. ஆறுதலாகப் பார்க்கலாம்.

ஒரு பெண்ணின் சிரிப்பு

கி.மு. 1046 அளவில் சாங் அரசை வென்று சவு வம்சம் ஆட்சிக்கு வந்தது. பரந்த நிலத்தை ஒரு ஆள் கட்டி ஆள முடியாது. ஆகவே தம்பிமார், மச்சான்மார், கூட நின்று போரிட்டவர்கள் என்று ஆளுக்கொரு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள் சவு அரசர்கள். வாங்கியவர் படை அனுப்பவேண்டும், திறை கட்டவேண்டும், அரசரை 'வானத்தின் மகன்' என்று ஏற்கவேண்டும். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஏற்பாடு ஓடியது.

கி.மு. 771இல் மேற்கிலிருந்து வந்த பகைவர்கள் தலைநகரை அழித்தார்கள். யூ என்ற அரசர் கொல்லப்பட்டார். இது ஏன் நடந்தது என்பதற்குச் சீனாவில் புகழ்பெற்ற ஒரு கதை இருக்கிறது. யூ அரசருக்குப் பாவோ சி என்று ஒரு காதலி. அவள் சிரிக்கவே மாட்டாள். அவளைச் சிரிக்கவைக்க அரசர் ஒரு வேலை பார்த்தார். பகைவர் வந்தால் மட்டும் மூட்டவேண்டிய எச்சரிக்கைத் தீயைச் சும்மா மூட்டினார். சிற்றரசர்கள் படையோடு விழுந்தடித்து ஓடிவந்து ஏமாந்து நின்றார்கள். அவள் சிரித்தாள். அரசர் திரும்பவும் மூட்டினார். உண்மையாகப் பகைவர் வந்த அன்று தீயைக் கண்டும் ஒருவரும் வரவில்லை.

சிமா சியென் என்ற பெரிய வரலாற்றாசிரியரே எழுதிவைத்த கதை இது. ஆனால் அவருக்கும் முந்திய மூங்கில் ஏடுகள் இப்போது பெய்ஜிங்கில் சிங்குவா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதே வீழ்ச்சியைச் சொல்லும் ஏடு அவற்றில் ஒன்று. அதில் தீயும் இல்லை, சிரிப்பும் இல்லை. பட்டத்துக்குரிய மகன் தள்ளிவைக்கப்பட்டுத் தாய்வீட்டாரிடம் ஓடியதும், அரசர் அங்கே படை கொண்டுபோனதும், எதிர்ப்பக்கத்தார் மேற்குப் பகைவரோடு சேர்ந்து திருப்பி அடித்ததும்தான் இருக்கிறது.

அதற்கும் அடியில் இன்னொரு காரணத்தை இன்றைய ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அரசர் நிலம் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுக்கும்போது விசுவாசம் கிடைத்தது, ஆனால் நிலம் திரும்பி வரவில்லை. வாங்கியவரின் பேரப்பிள்ளைகளுக்கு அரசர் தூரத்து உறவு ஆகிப்போனார். கொடுக்க நிலம் முடிந்தபோது கேட்க விசுவாசமும் முடிந்திருந்தது. கணக்குப் புத்தகத்தில் மெல்ல மெல்ல நடந்த இந்த வீழ்ச்சியை யார் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வது? சிரிக்காத பெண்ணின் கதை லேசு. பழியை ஒருத்தி தலையில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகலாம்.

ஐந்நூறு வருசப் பட்டம்

இனி வருவதுதான் நமக்குத் தேவையான பகுதி. 771இல் சவு வம்சம் முடிந்துபோகவில்லை. தலைநகரைக் கிழக்கே லுவோயாங் பக்கம் மாற்றிக்கொண்டு, கி.மு. 256 வரை, ஐந்நூறு வருசத்துக்கும் மேல், பட்டத்தோடு இருந்தது.

எப்படி இருந்தது? கி.மு. 707இல் செங் என்ற சிற்றரசை அடக்க அரசர் படையோடு போனார். தோற்றார். தோளில் அம்பு ஏறியது. அன்றிரவு செங் தலைவர் ஆள் அனுப்பினார்: அரசருக்குச் சுகம் எப்படி என்று விசாரிக்க! அம்பு விட்டதும் அவர் ஆட்கள்தான், மரியாதையில் குறைவைக்காததும் அவர்தான். கி.மு. 606இல் சூ என்ற தென்னாட்டின் தலைவர் படையை எல்லையில் நிறுத்திவிட்டு, அரசரிடம் இருக்கும் ஒன்பது வெண்கலக் கலங்களும் என்ன நிறை என்று கேட்டார். அந்தக் கலங்கள்தான் ஆட்சியின் அடையாளம். அடையாளத்தை நிறுத்துப் பார்க்கலாம் என்ற அளவுக்குக் காரியம் வந்துவிட்டது.

கன்பூசியஸ் வாழ்ந்தது இந்தக் காலத்தில்தான். அவருக்குப் பெரிய மனக்கொதிப்பு ஒன்று இருந்தது. எட்டு வரிசை ஆட்டக்காரர் அரசருக்கு மட்டும் உரிய மரியாதை. அதை லூ நாட்டில் ஒரு பிரபு தன் வீட்டு முற்றத்தில் ஆடவைத்தான். யாருக்கு எத்தனை வரிசை, யார் முதல், யார் பிறகு என்பது அந்தக் காலத்துப் பெரிய சண்டை. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே மேற்கில் சின் என்ற நாடு நிலத்தை அளந்தது, வரியை ஒழுங்காக்கியது, படையை வளர்த்தது. கி.மு. 256இல் கடைசிச் சவு அரசர் சின்னிடம் பணிந்தார். அவர் படை திரட்டக் குடிமக்களிடமே கடன் வாங்கி, திருப்பிக் கொடுக்க முடியாமல் மாடத்தில் ஏறி ஒளிந்தார் என்று ஒரு கதையும் உண்டு. கி.மு. 221இல் சீனா முழுவதும் சின்னின் கையில்.

அதிகாரம் பட்டத்தை விட்டு நழுவிப் போகும். பட்டம் அப்படியே இருக்கும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு, போனது தெரியவே தெரியாது.

சரி, மறுகா வாவிக்கு வருவோம்.

கடைசி மன்னன் எங்கே?

யாழ்ப்பாணத்துக்குச் சங்கிலி இருக்கிறான், 1619. வன்னிக்குப் பண்டாரவன்னியன் இருக்கிறான், 1803. கண்டிக்கு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இருக்கிறான், 1815. மட்டக்களப்பின் கடைசி மன்னன் யார்? எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு பெயர் இல்லை. ஒரு கடைசிப் போர் இல்லை, ஒரு திகதி இல்லை. இது நம் பெடியன்மாருக்குக் குறையாகப் படுகிறது. ஆகவே ஒரு மன்னனைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் ஒரு துரோகியையாவது தேடுகிறார்கள்.

உள்ளதைப் பார்ப்போம். 1215இல் பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகன் சூளவம்சத்தில் கொடியவன், அழிவுகாரன். நமது மட்டக்களப்பு மான்மியத்தில் அவனே மாகோன், குடிகளுக்கும் கோயில்களுக்கும் ஒழுங்கு வகுத்தவன். ஒரே ஆள், இரண்டு ஏடு. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த அந்த மான்மியத்தைத்தான் இன்றைக்கும் எல்லாரும் ஆதாரம் காட்டுகிறார்கள். அதில் யார் யாருக்கு என்ன உரிமை, எந்தக் கோயிலில் யாருக்கு எந்த வரிசை என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். வரவுசெலவு இல்லை, படைக்கணக்கு இல்லை. அது ஒரு வரிசைப் புத்தகம். கன்பூசியஸ் கண்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

பிறகு வந்த காலங்களில் வாவியின் இரு கரையிலும் வன்னியர், போடிமார் என்று தலைவர்கள் ஆளுக்கொரு பற்றை வைத்திருந்தார்கள். மேலே கண்டி அரசர். திறை போனது, பெயருக்குக் கீழ்ப்படிவு இருந்தது. 1602 மே மாதத்தில் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்த மாலுமி மட்டக்களப்பில் வந்து இறங்கினார். உள்ளூர் அரசரைக் கண்டார், பரிசும் கொடுத்தார். ஆனால் காரியம் முடிக்க மலையேறிக் கண்டிக்குப் போகவேண்டியிருந்தது. எங்கே பட்டம், எங்கே அதிகாரம் என்பது அந்நியனுக்கு சில கிழமையில் விளங்கிவிட்டது.

1626இல் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் ஒரு பகுதியினரை மட்டக்களப்பில் குடியேற்றியவரும் கண்டி அரசர் செனரத்தான். 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1638 மே 18இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். சில நாள் கழித்து, மே 23இல், இதே மட்டக்களப்பில் ஒரு உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒரு பக்கம் இரண்டாம் இராஜசிங்கன், மறுபக்கம் வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி. நம் வாவியின் தலைவிதி நம் வாவிக்கரையிலேயே எழுதப்பட்டபோது கையொப்பம் இட்ட இரு பக்கத்திலும் ஒரு போடியார் இல்லை. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது அரசர் விரும்பினால் மட்டுமா என்பதில், இரண்டு பிரதிகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினது போல' என்று சிங்களத்தில் ஒரு பழமொழி. அந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறந்தது அது என்பார்கள்.

1668இல் ஒல்லாந்தர் திரும்பவும் வந்து நிலைகொண்டார்கள். 1766இல் கரையோரம் முழுவதையும் கண்டி அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது. அதிலும் போடிமாரிடம் ஒருவரும் கேட்கவில்லை. 1795இல் பிரித்தானியர் கோட்டைக்குள் வந்தார்கள். அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். 'வன்னியனார்' என்ற பட்டத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. வைத்துக்கொண்டார்கள். மட்டக்களப்பில் அரசாங்கத் தலைமைக்காரனுக்கு அதுவே பதவிப் பெயர் ஆனது. யாழ்ப்பாணத்தில் மணியகாரன் போல, இங்கே வன்னியனார். மேலே அரசாங்க அதிபர், கீழே விதானைமார், நடுவில் அரசப் பட்டத்தோடு ஒரு உத்தியோகத்தர். 1940களில் பிரிவுக் காரியாதிகாரிகள் வந்து அந்தப் பதவியையும் எடுத்துக்கொண்டார்கள். அந்நேரம் யாரும் அழுததாகக் கதை இல்லை.

நமது கடைசி மன்னன் இப்படித்தான் போனான். வாளால் அல்ல, ஒரு சுற்றறிக்கையால்.

துரோகி என்ற லேசான பதில்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த ஐதீகம் ஒன்று உண்டு. கோயிலை இடிக்க வந்த பறங்கி அதிகாரி, 'இந்தக் கல்நந்தி புல் தின்னுமா' என்று நக்கலாகக் கேட்டானாம். நந்தி எழும்பிப் புல்லைத் தின்றதாம். அவன் ஓடிவிட்டானாம். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்ட கதை. ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? கதையில் மன்னன் இல்லை. போடியார் இல்லை, படை இல்லை. கோயிலைக் காப்பாற்றக் கல்லே எழும்பவேண்டியிருக்கிறது. அதிகாரம் எப்போதோ போய்விட்டது என்பதை அந்தக் கதையைச் சொன்ன சனம் நம்மைவிட நன்றாக விளங்கி வைத்திருந்தது.

நமக்குத்தான் துரோகி தேவைப்படுகிறது. இது வெறும் வரலாற்று விளையாட்டு இல்லை. கிழக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியும். 2004 மார்ச்சில் இயக்கம் கிழக்கில் பிளந்தபோது எத்தனை வீட்டு வாசலுக்கு அந்தச் சொல் வந்தது? ஒரே ஊரில், ஒரே குடியில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்கு இடையில் வந்தது. இருபது வருசம் கழிந்தும் மட்டக்களப்பான் என்றால் சிலருக்கு அதுதான் முதலில் வாயில் வருகிறது. அந்தச் சொல்லால் அடிபட்ட நாமே, நானூறு வருசத்துக்கு முந்திய ஆட்களைத் தோண்டி எடுத்து அதே சொல்லால் அடிக்கிறோம். பாவோ சியின் சிரிப்பைப் போலத்தான் இதுவும். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் போட்டால், அமைப்பு எங்கே பிழைத்தது என்று கேட்கத் தேவை இல்லை.

ஆருக்கு வரிசை, ஆருக்கு மேளம்

அமைப்பு இன்றும் எங்கே பிழைக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் திருவிழாவுக்குப் போங்கள். எந்தக் குடிக்கு முதல் காளாஞ்சி, தேர்வடம் தொடும் உரிமை யாருக்கு, யார் உள்ளே, யார் வெளியே. இதற்காகத் தேரை நிறுத்துவார்கள், கோட்டுக்குப் போவார்கள், ஒரே ஊரார் வருசக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டார்கள். அந்த வரிசைக்குப் பறை அடிப்பவருக்கு மட்டும் வரிசையில் இடம் இல்லை. 'ஆண்ட பரம்பரை' என்ற சொல்லுக்கு அவர் வீட்டில் என்ன அர்த்தம்? ஆள ஒருவர் இருந்தார் என்றால் ஆளப்பட ஒருவரும் இருந்தார். அவர் பேரப்பிள்ளையும் இதே வகுப்பில்தான் படிக்கிறது, இதே போஸ்டைத்தான் பார்க்கிறது.

முஸ்லிம்களை நோக்கி 'வந்தேறி' என்று எழுதுபவர்கள் தங்கள் சொந்த ஐதீகத்தையே படிப்பதில்லை. திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணை நின்றவர்கள் முஸ்லிம்கள் என்பதுதான் நாம் சொல்லிவந்த கதை. தாய்வழிக் குடிமுறை நம் ஊர்களில் மட்டுமா இருக்கிறது? காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறது, பள்ளிவாசல் மரைக்காயர் முறை வரை அது போகிறது. ஒரே முற்றத்தில் வளர்ந்த இரண்டு வீடு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்ததையும், செப்ரெம்பரில் சத்துருக்கொண்டானில் நடந்ததையும் தாண்டி வந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். 'யார் மண்' என்ற கேள்வி எங்கே போய் முடியும் என்பதை நமக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவை இல்லை.

யாரும் அழாத இழப்பு

மன்னனுக்காக அழுகிறோம். முக்குவச் சட்டத்துக்காக யார் அழுதது? சொத்துத் தாய்வழியில் இறங்கும் இந்த ஊரின் வழமைச் சட்டம் அது. 1876ஆம் ஆண்டு விவாக உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கிழந்தது. பெண்பிள்ளைக்கு வீடு எழுதும் வழக்கம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அது சீதனம் என்ற பெயரில், மாப்பிள்ளை வீட்டார் விலை பேசும் காரியமாக மாறிக்கொண்டிருக்கிறது. வாள் படத்துக்கு லைக் போடும் தம்பி, தன் அக்காவின் வளவு யார் பெயரில் உறுதி எழுதப்படுகிறது என்று பார்த்தானா?

பட்டிப்பளை ஆற்றுக்காக யார் அழுதது? 1949இல் கல்லோயாச் சபை வந்தது, இங்கினியாகலையில் அணை எழுந்தது, தண்ணீரின் திறப்பு நம் கையைவிட்டுப் போனது. 1961இல் அம்பாறை தனி மாவட்டம் ஆனது. சவு அரசருக்கு நடந்தது இதுதானே: பட்டம் இருக்க நிலம் போவது. 2023 செப்ரெம்பரில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல்தரை கேட்டுச் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தரையைப் பிடித்துப் பயிர்செய்கிறார்கள், மாடுகளைக் கொல்லுகிறார்கள் என்பது அவர்கள் முறைப்பாடு. மாதக்கணக்கில் இருந்தார்கள். அதே மாதங்களில் நம் பக்கங்களில் எந்தக் குடி முந்தியது என்ற விவாதம் நல்ல சூடாக நடந்தது.

'அவங்க வரலாற்றை அழிக்கிறாங்களே' என்றால்

நியாயமான கேள்வி. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைகளுக்கென்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஜனாதிபதி செயலணி ஒன்று போடப்பட்டது. அது போடப்பட்டபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. குசலானமலை போன்ற இடங்களில் நடப்பது நமக்குத் தெரியும். இப்படி அழிக்கும்போது நாமும் மன்னர் கதையைத் தூக்காமல் என்ன செய்வது?

தூக்கலாம். ஆனால் 'நாங்க ஆண்டம்' என்பதற்குப் பதில் 'நாங்களும் ஆண்டம்' என்றால், ஆண்டவனுக்கே நிலம் என்ற விதியை நாமே ஒத்துக்கொள்கிறோம். அந்த விதியில் யாரிடம் பெரிய அரசு, பழைய ஏடு, கூடப் படை இருக்கிறதோ அவர் வெல்வார். நாம் வெல்லமாட்டோம். அதே விதியில் பறை அடிப்பவருக்கும், கரையோர வேடருக்கும், முல்லைக்காரருக்கும், வாவியில் வலை வீசுபவருக்கும் ஒரு அங்குலமும் இல்லை. நமக்கு இந்த மண்ணில் உரிமை இருப்பது நம் பூட்டன் கிரீடம் வைத்திருந்ததால் இல்லை. இங்கே உழுது, விதைத்து, மாடு மேய்த்து, பிள்ளை பெற்று, செத்தவரைப் புதைத்து வாழ்கிறோம் என்பதால். அதற்கு ஆதாரம் வாள் படம் இல்லை. பழைய உறுதி, கோயில் கணக்கு, வட்டைப் பெயர், மேய்ச்சல் பாதை, அம்மம்மாவின் நினைவு. இவற்றைத் தேடிப் பதிவுசெய்யும் பெடியன் பெட்டையைத் தொல்லியல் செயலணிக்குப் பயம். வாள் படத்துக்கு ஒருவரும் பயப்படமாட்டார்கள்.

வி.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியபோது ஊர்ச் சனத்தின் பாட்டையும் சடங்கையும் வாழ்க்கையையும்தான் தேடிச் சேர்த்தார். அந்த வேலை முடியவில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஊருக்கு ஊர் மிச்சம் கிடக்கிறது, சொல்லக்கூடிய கிழவிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்தமுறை வாளும் கிரீடமும் வைத்த படம் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். கீழே ஒரு கேள்வியை மட்டும் எழுதிவிட்டு வாருங்கள்: 'தம்பி, உங்கட ராசாட காலத்தில உங்கட வட்டைக்குத் தண்ணி திறந்தது ஆரு? இண்டைக்குத் திறக்கிறது ஆரு?'